ரிக்கன்பாக்கர் பேக்கலைட் லாப் ஸ்டீல்: லாடத்தை அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள்

மடியில் கிடத்தி எஃகு பாரால் வாசிக்கும் ஹவாயன் கிட்டாரில் பழையதைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ரிக்கன்பாக்கர் நிறுவனத்தின் இந்தக் கறுப்பு லாப் ஸ்டீலிடம்தான் வந்து நிற்பார்கள். 1932இல் வந்த அலுமினிய 'ஃபிரையிங் பான்' இதற்கு மூத்தது. ஆனால் மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரியும், சுருதி நகரும். அதனால்தான் 1935இல் மாடல் பி-யை பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். பழைய வீட்டுச் சுவிட்சும் குக்கர் கைப்பிடியும் இதே சரக்குதான். சூட்டுக்கு அசையாது, கீழே விழுந்தால் உடையும்.

இதன் உயிர் பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) இருக்கிறது. எதிரெதிராக வைத்த இரண்டு லாட காந்தங்கள் தந்திகளின் மேல் வளைந்து நிற்கும், தந்திகள் அவற்றின் உள்ளே போகும், கம்பிச் சுருளான 'காயில்' அடியில் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய லாடத்தின் அகலம் ஒன்றரை அங்குலம் (38 மி.மீ.), பிந்தையது ஒன்றேகால் (32 மி.மீ.). இந்தக் கால் அங்குலத்துக்குத்தான் விலை ஏறுகிறது. ஏறுவது நியாயம்தான்: அகல லாடத்தில் கீழ்த்தந்தி கனமாகவும் மேல்தந்தி கிறீச்சிடாமலும் பேசும். லாடத்தின் மேல் ஸ்கேலை வைத்து எடுத்த படத்தை விற்பவரிடம் கேளுங்கள்.

மேலே உள்ள தகடுகளை வைத்து வயதைக் கணிக்காதீர்கள். முன்னது குரோம், பின்னது வெள்ளைப் பெயின்ட் என்பது உண்மை. ஆனால் நான்கைந்து திருகைக் கழற்றினால் எந்தத் தகடும் எதிலும் உட்காரும். தந்தி உடலைத் துளைத்துப் பின்பக்கமிருந்து வருகிறதா, தந்தி முனைகளைப் பிடிக்கும் தனி டெயில்பீஸில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். துளைத்து வருவதே முந்தைய அமைப்பு. பெயர்த்தகட்டில் இன்றுள்ள இரண்டாவது 'கே' எழுத்தின் இடத்தில் 'எச்' இருப்பது (Rickenbacher) போலி அல்ல, அந்தக் காலத்து எழுத்துக்கூட்டல் அது.

கழுத்து தனியாகத் திருகி மாட்டியது. அந்த மூட்டிலும் திருகுத் துளைகளைச் சுற்றியும் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் மயிரிழை விரிசல் தெரியும். அங்கே விரிசல் இருந்தால் பேரம் பேசவே வேண்டாம். பேக்கலைட்டை உருக்கி ஒட்ட முடியாது, பசை போட்ட இடத்தில் தந்தி இழுவை தாங்காது. தலைப்பகுதி மூலை சற்றுப் பெயர்ந்திருந்தால் பரவாயில்லை. ஸ்வர இடங்களைக் காட்டும் ஃபிரெட் கோடுகளின் வெள்ளைப் பெயின்ட் உதிர்ந்திருப்பதும் சாதாரணம்.

சத்தமே வராவிட்டால் மல்டிமீட்டரை வையுங்கள். எதுவும் காட்டாமல் திறந்த சுற்றாக இருந்தால் காயில் அறுந்திருக்கிறது. மறுசுற்று செய்யத் தெரிந்தவரைத் தேட வேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். காயில் சரியாக இருந்தும் சத்தம் மெலிந்திருந்தால் காந்தம் தளர்ந்திருக்கலாம், அதை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். குமிழைத் திருப்பினால் கரகரப்பது வெறும் அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் போதும்.

தந்தி நீளம் 22.5 அங்குலம்தான். சி6 சுருதிக்கு (கீழிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ) மேல் ஈ-க்கு .014 அல்லது .015 அங்குலத் தடிமன் தந்தியும், கீழ் சி-க்கு .036-உம் போடலாம். பாரைக் கோட்டுக்குப் பின்னால் அல்ல, நேர்மேலே நிறுத்த வேண்டும்; பன்னிரண்டாம் கோட்டைத் தாண்டினால் மயிரளவு பிசகும் காதில் விழும். கார்வை, அதாவது மீட்டிய ஸ்வரம் ஒலித்து நிற்பது, நீளம். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் ஜாருவுக்குப் பழகிய சித்திரவீணைக்காரர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் இடக்கையின் கடை விரல்களைப் பாருக்குப் பின்னால் தந்தியில் படிய விடாவிட்டால் ஒரு ஸ்வரம் அடுத்ததோடு குழம்பிவிடும்.

பார்சலில் வருவதானால் தந்திகளைத் தளர்த்தி, கழுத்தைக் கழற்றித் தனியே சுற்றச் சொல்லுங்கள். பெட்டிக்குள் தலைப்பகுதி எதிலும் முட்டக் கூடாது. பழைய கேஸின் பூட்டை நம்பி அப்படியே அனுப்பினால் அதே மூட்டில்தான் விரியும்.