பிக்கப்பா, வேனா? ஒன்பது பேர் போக எது சரி?

அம்பத்தூரில் எங்கள் வீட்டில் ஒன்பது பேர். காஞ்சிபுரத்தில் கல்யாணம் என்றால், மைத்துனரின் டபுள் கேப் பிக்கப்பில் (முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள வண்டி) போவதா, வேன் பிடிப்பதா என்ற பேச்சு வந்துவிடும்.

இசுசு வி-கிராஸ் போன்ற டபுள் கேப் வண்டியில் இருக்கை ஐந்து பேருக்குத்தான். "மிச்சப் பேர் பின்னால் பாய் விரித்து உட்காருகிறோம்" என்று பிள்ளைகள் குதிப்பார்கள். எனக்கு அங்கேதான் வயிறு கலங்கும். பின்தொட்டி சரக்குக்கானது, அதில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. பெல்ட் கிடையாது, தலைக்கு மேலே கூரை கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது திடீரென்று பிரேக் பிடித்தால், வண்டி நின்றுவிடும். தொட்டியில் இருப்பவர் அதே வேகத்தில் தூக்கி எறியப்படுவார். இழப்பீடு வாங்குவதும் பெரும்பாடு.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். மோதலின் விசையை எந்தத் தாயின் கையாலும் தாங்க முடியாது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம்.

வேனுக்கு வாடகை கூடுதல்தான். ஆனால் 12 இருக்கை வேனில் ஆளுக்கொரு இடம் உண்டு. ஏறுமுன் ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பாருங்கள். போன முறை கடைசி வரிசையில் ஒன்று இருக்கைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. எடுத்து மாட்டிய பிறகே கிளம்பினோம்.

சீர்வரிசைத் தட்டுகளும் வாழைத்தாரும் பிக்கப்பில் வந்தன.