இரண்டு ரைபிள், ஐந்து நாட்டுச் சட்டம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், தேக்குத் தூண், பெட்டகம் என்று எந்தப் பழம்பொருளும் கிடைக்கும். பழைய ராணுவ ரைபிளை மட்டும் அப்படிப் பேரம் பேசி வாங்கிவிட முடியாது. ஆனால் நம்மூர்ப் பிள்ளைகள் இன்று டல்லாஸில், பர்மிங்காமில், கோலாலம்பூரில் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இந்த ஆசை உண்டு. எனக்கும் உண்டு. ஒரு நாட்டில் சுவரில் மாட்டி வைக்கும் சாமானுக்கு இன்னொரு நாட்டில் பிரம்படி விழும் என்பது தெரியாமல் யாரும் இதில் இறங்கக் கூடாது.

சட்டப் பிரிவுகளை வரிசையாகச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் இரண்டு துப்பாக்கிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 1917-ல் செய்த லீ என்ஃபீல்டு மார்க் 3, அதாவது நாம் ‘திரீ நாட் திரீ’ என்று சொல்கிற .303. இன்னொன்று, 1880-களில் செய்த மார்ட்டினி-ஹென்றி. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடுகிற, குழல்வாய் அகன்ற துப்பாக்கி. இரண்டும் பிரிட்டிஷ் ராணுவத்துடையவை, இரண்டும் இந்த மண்ணில் புழங்கியவை.

லீ என்ஃபீல்டு மேல் எனக்குப் பற்று அதிகம். முதல் உலகப் போரில் நம் சிப்பாய்கள் சுமந்தது அது. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை அதைப் பல பத்தாண்டுகள் செய்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 தோட்டாவுக்கு மாற்றியும் செய்தது. உத்தரப் பிரதேச போலீஸ் அதற்கு விடை கொடுத்ததே 2020-ல்தான்.

அதைக் கையில் வாங்கிப் பார்க்க வாய்த்தால், பின்கட்டை வந்து சேரும் இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தைப் பாருங்கள். மேலே கிரீடம், கீழே அரசரின் ‘ஜி.ஆர்.’, அதற்குக் கீழே செய்த இடமும் ஆண்டும் பொறித்திருக்கும். போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) கைப்பிடியின் பின்னால் ஓர் எண், உடலில் ஓர் எண். இரண்டும் ஒத்திருந்தால் ஆலையில் ஜோடி சேர்த்த போல்ட்டே இன்னும் அதில் இருக்கிறது என்று நம்பலாம். முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகு போயிருந்தால் அது இஷாப்பூர்க் கைவேலை. அடிக்கட்டையின் தகட்டில் சின்னக் கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்தால் பித்தளை எண்ணெய்க் குப்பியும் குழல் துடைக்கும் கயிறும் வைக்கிற பொந்து. சேகரிப்பவனுக்கு இந்த அடையாளங்கள்தான் சொத்து. சுடுவது அடுத்த விஷயம்.

முதலில் நம் நாடு. இந்த மண்ணில் ஆயுதத் தடை பழைய கதை. திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801-லேயே கிழக்கிந்தியக் கும்பினி தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்க ஆரம்பித்துவிட்டது. 1878 சட்டம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. இன்று நடப்பில் இருப்பது 1959 ஆயுதச் சட்டமும் 2016 விதிகளும். அதில் .303 தடை செய்யப்பட்ட வாயளவு, அதாவது குழல் துளையின் அளவு. அரசுக் கிடங்கில் இருக்கும் தோட்டா எந்த ரைபிளில் நுழையுமோ அது தனியார் கையில் இருக்கக் கூடாது என்பதே காரணம். நூறு வயது ஆனாலும் தோட்டா நுழைகிறதே! மத்திய உள்துறையிலிருந்து தனி லைசென்ஸ் வர வேண்டும். சேகரிக்க ஆசை என்று எழுதிக் கொடுத்தால் அது வராது. இஷாப்பூர் பொதுமக்களுக்கென்று .315 ரைபிள் தனியாகச் செய்ததும் இதனால்தான்.

சாதாரண லைசென்ஸ் இருந்தாலும் கணக்கு இடிக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். துப்பாக்கிச் சங்க உறுப்பினர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. ஐயா விட்டுப்போன இரட்டைக் குழல் ஒன்று, அப்பச்சி வாங்கிய .315 ஒன்று என்று வந்து சேர்ந்தால் கணக்கு தீர்ந்தது. இரண்டை வைத்துக்கொண்டு எதைச் சேகரிப்பது? வாரிசு விஷயத்தில் மட்டும் விதி கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. லைசென்ஸ்தாரர் 70 வயதைத் தொட்டாலோ, 25 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்க விண்ணப்பிக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் காலம் கடத்தி, கடைசியில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருகிற குடும்பங்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

மார்ட்டினி-ஹென்றிக்கு வருவோம். 2020 பிப்ரவரியில் உள்துறை ஒரு சலுகை கொடுத்தது. அரும்பொருள் வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பயன்படுத்தவும், கையில் எடுத்துச் செல்லவும், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகவும் லைசென்ஸ் வேண்டும். சென்னையில் வாங்கிய சாமானைக் கானாடுகாத்தான் வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? என் யோசனை: அது அரும்பொருள் வகைதான் என்று கலெக்டர் ஆபீஸில் எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் வாய்ச்சொல் கோர்ட்டில் நிற்காது.

பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கு 1959 சட்டத்தின் 45-ஆம் பிரிவே விலக்கு தருகிறது. அதற்காக நல்ல துப்பாக்கியின் குழலை அறுக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அடையாளத்தை அழித்துவிட்டு எதைக் காப்பாற்றுகிறோம்?

அமெரிக்காவில் கதை தலைகீழ். 1898 வரை செய்தது மத்திய சட்டப்படி ‘துப்பாக்கி’யே இல்லை, அது தொல்பொருள். ஆகவே மார்ட்டினிக்குத் தடை இல்லை. லீ என்ஃபீல்டுக்கு 30 டாலர் கட்டி மூன்றாண்டுச் சேகரிப்பாளர் லைசென்ஸ் எடுத்தால், 50 வயது கடந்த ரைபிள் வேறு மாநிலத்திலிருந்தே வீட்டு வாசலுக்கு வரும். வரவையும் கொடுத்ததையும் பேரேட்டில் பதிய வேண்டும். கணக்கெழுதிப் பழகிய நம்மவர்களுக்கு அது பெரிய வேலை இல்லை. எனக்குப் பிடித்தது இதில் ஒன்று: அசல் உருவம் மாறாமல் இருந்தால்தான் இந்தச் சலுகை. வேட்டைக்கென்று கட்டையை வெட்டிக் குட்டையாக்கினால் போச்சு. அந்த விதி பழைய துப்பாக்கிகளை உளியிலிருந்து காக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியக் குற்றம். நண்பருடையதை வாங்கி வைத்தாலும் குற்றம்தான். மாநிலச் சட்டங்கள் வேறு தனி. கலிபோர்னியாவும் டெக்சாஸும் ஒன்றல்ல.

பிரிட்டன் ஆண்டை மட்டும் பார்ப்பதில்லை, தோட்டாவையும் பார்க்கிறது. வழக்கொழிந்த வாயளவுகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் இருந்து, 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்ததாகவும் இருந்து, அலங்காரப் பொருளாக வைத்திருந்தால் சான்றிதழ் வேண்டாம். 2021 விதிகள் இதைத் தெளிவாக்கின. மார்ட்டினியின் .577/450 அந்தப் பட்டியலில் இருக்கிறது; .303 இல்லை. அதனால் லீ என்ஃபீல்டுக்கு ஐந்தாண்டுச் சான்றிதழ், போலீஸ் விசாரணை, பூட்டிய இரும்பு அலமாரி எல்லாம் உண்டு. தக்க காரணமும் காட்ட வேண்டும். செயலிழக்கச் செய்தும் வாங்கலாம். ஆனால் 2016-க்குப் பிந்தைய விதிப்படி எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவதால் போல்ட் அசையாது. 

எந்தக் கோடு நியாயம் என்று கேட்டால் என் ஓட்டு பிரிட்டனுக்கு. சந்தையில் தோட்டா கிடைக்காத துப்பாக்கியால் ஊருக்கு ஆபத்து குறைவு. அந்தக் கேள்வியை நேராகக் கேட்கிற சட்டம் அது. வெறும் ஆண்டைப் பார்க்கிற அமெரிக்கக் கோடு சேகரிப்பவனுக்கு வசதி, அவ்வளவுதான். நம் நாட்டுச் சட்டம் .303 விஷயத்தில் தோட்டாவைச் சரியாகவே பார்க்கிறது. அதே பார்வையில் மார்ட்டினி போன்றவற்றுக்கும் ஒரு பட்டியல் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவரவும் அனுமதித்தால் எத்தனையோ சாமான் காயலான் கடைக்குப் போகாமல் தப்பும்.

மலேசியா, சிங்கப்பூர்? ஆசையே வேண்டாம். உரிமமில்லாத துப்பாக்கிக்கு மலேசியாவில் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. சிங்கப்பூரில் 5 முதல் 10 ஆண்டு, அங்கேயும் குறைந்தது 6 அடி. அங்கிருக்கிற சொந்தக்காரர் எண்ணெய்க் குப்பி, தோல்வார், பழைய பயிற்சிக் கையேடு என்று சேர்த்தால் போதும்.

கொண்டுவிற்க, அதாவது வெளியே போய் வியாபாரம் செய்ய, போனவர்களின் வீடுகளைக் காலி செய்யும்போது பெட்டகத்துக்குப் பின்னாலிருந்து துப்பாக்கி கிளம்பினால், கையில் எடுத்து ஆட்டாதீர்கள்; தோட்டா உள்ளே இருக்கலாம். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, தெரிகிற எண்ணைக் குறித்து, வக்கீலோடு போய் ஸ்டேஷனில் எழுத்தில் தெரிவித்து ரசீது வாங்குங்கள். லைசென்ஸ்தாரர் இறந்திருந்தால் தாமதமின்றி ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள விற்பனையாளரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. வாரிசு விண்ணப்பத்தைக் கையோடு கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பிள்ளை தன் ஊரில் இது சட்டப்படி செல்லும், அனுப்புங்கள் என்று கேட்டால் கொடுக்க முடியாது. 1972 தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. 1917 ரைபிள் அந்த வயதை 2017-லேயே கடந்துவிட்டது.