முன்னாள் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினரின் கன்சல்டன்சிக்குப் பணம் கட்டும் முன்

கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் ஒன்றுசேர்ந்து, பணம் திரட்டி, வாஷிங்டனில் நமக்காகப் பேச ஆள் வைக்கலாம் என்று யோசித்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வேலை வழியாகத் தரும் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டவருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவை, பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் மேலவையான செனட் தன் வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்த காங்கிரஸின் இரண்டு வருட காலமே முடிந்து, மசோதாவும் காலாவதியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் நடந்துவிடும் என்று எங்கள் நியூஜெர்சி குழுவில் எல்லாருக்கும் நம்பிக்கை. அப்போதுதான் ஒரு முன்னாள் உறுப்பினரின் கன்சல்டன்சி அறிமுகமானது. பதவியில் இருந்தவரை குடியேறிகள் பக்கம் நின்று வாக்களித்த லிபரல். மகளுக்கு 21 வயது ஆனால் அவள் நம் வரிசையிலிருந்து விழுந்துவிடுவாளே என்ற பயத்தில், கல்லூரிக்கு எடுத்து வைத்த பணத்திலிருந்து கொடுத்தவர்கள் எங்களில் உண்டு.

முதல் கூட்டத்துக்கு அவரே வந்தார். நன்றாகப் பேசினார், எல்லாருடனும் படம் எடுத்துக்கொண்டார். அதோடு சரி. அப்புறம் வந்ததெல்லாம் இளம் ஊழியர்கள்தான். மாதாமாதம் கட்டணம் போனது. பதிலுக்கு வந்த அறிக்கையில் இருந்தவை செய்தித்தாளில் நாங்களே படித்த விஷயங்கள். யாரைச் சந்தித்தீர்கள், எந்தத் தேதியில் என்று கேட்டால், "நாங்கள் தருவது வியூக ஆலோசனை" என்றார்கள்.

லாபி செய்பவர்கள், அதாவது பணம் வாங்கிக்கொண்டு காங்கிரஸில் வாடிக்கையாளருக்காகப் பரிந்து பேசுபவர்கள், காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் கணக்கை செனட்டின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். தேடினோம். வாடிக்கையாளர் பட்டியலில் எங்கள் குழுவின் பெயரே இல்லை. சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. மூன்று மாதத்தில் ஒருவர் ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலையில் லாபி வேலை 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அவர் சட்டப்படி லாபியிஸ்ட் அல்ல. பிரதிநிதிகள் சபையிலிருந்து விலகியவர் ஒரு வருடம் காங்கிரஸில் யாரிடமும் பரிந்து பேசக் கூடாது; ஆனால் பின்னாலிருந்து ஆலோசனை சொல்லிச் சம்பாதிக்கத் தடை இல்லை.

பழைய வாக்குகளைப் பார்த்து ஆளை நம்புபவர்கள் டிக் கெப்ஹார்ட்டின் வரலாற்றைப் பாருங்கள். எங்கள் விவகாரத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்தத் தொழிலின் இயல்பு அதில் தெரியும். செயின்ட் லூயிஸில் பால் வண்டி ஓட்டியவரின் மகன். 1977 முதல் 2005 வரை பிரதிநிதிகள் சபை உறுப்பினர், அங்கே ஜனநாயகக் கட்சியினருக்குத் தலைவராக இருந்தவர், தொழிற்சங்கங்களின் நண்பர், கனடா, மெக்சிகோவுடனான நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் ஒட்டோமான் துருக்கியில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டதை இனப்படுகொலை என்று அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும் என்பதைப் பதவியில் இருந்தபோது ஆதரித்தவர்; துருக்கி அரசு அதை இனப்படுகொலை என்று ஏற்பதில்லை. வெளியே வந்தபின் துருக்கி அரசு அவருடைய வாடிக்கையாளர். 2007இல் அதே அங்கீகாரத் தீர்மானத்தைத் தடுக்க உழைத்தார். அவரை நம்பியிருந்த ஆர்மீனிய அமெரிக்கர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! எல்லாம் முறைப்படி பதிவு செய்து, சட்டப்படி நடந்ததுதான்.

எங்கள் பணம் திரும்ப வரவில்லை. கட்டணம் திருப்பித் தரப்படாது, பலனுக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நீங்கள் போடும் ஒப்பந்தத்தில், யார் நேரில் போய்ப் பேசுவார், உங்கள் பெயரில் லாபி பதிவு செய்வார்களா, சந்திப்புகளின் தேதியும் அலுவலகமும் மாத அறிக்கையில் வருமா என்பதை எழுதி வாங்குங்கள். முதல் காலாண்டுக் கணக்கில் உங்கள் பெயர் வரவில்லை என்றால் அடுத்த மாதக் கட்டணத்தை நிறுத்தும் உரிமையையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.