ஓல்ஃபா 45 மி.மீ. சுழல்கத்தி: ஒட்டுப்போர்வை தைப்பவரின் மதிப்புரை

பங்குனி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, பழைய சுங்குடிச் சேலைகளைச் சதுரங்களாக நறுக்கி ஒட்டுப்போர்வை ஒன்றைத் தைத்துக்கொண்டிருக்கும் எனக்கு, ஜப்பானிய நிறுவனமான ஓல்ஃபா 1979-இல் அறிமுகப்படுத்திய, வட்ட அலகை உருட்டித் துணி வெட்டும் சுழல்கத்தி இன்றியமையாத கருவியாகிவிட்டது. கட்டிங் மேட் எனும் வெட்டு விரிப்பின் மேல் துணியை நான்காக மடித்து வைத்து, அளவுகோலை ஒட்டி ஒருமுறை அழுத்தி உருட்டினாலே விளிம்பு பிசிறின்றி வெட்டுப்படுகிறது. கத்தரிக்கோலால் வெட்டும்போது அடித்துணி நழுவி, சதுரங்கள் கோணலாகி, தையலுக்காக ஓரத்தில் விடும் கால் அங்குல இடம் ஓரிடத்தில் குறைந்து ஓரிடத்தில் கூடும் தொல்லை இதில் இல்லை. மூலைகள் நேருக்கு நேர் பொருந்தி நிற்பதைப் பார்ப்பதே தனி நிறைவு. இடையிடையே சில இழைகள் அறுபடாமல் நின்றால் அலகு மழுங்கிவிட்டது என்று பொருள். ஆகவே மாற்று அலகுகளையும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும். அலகு மிகக் கூர்மையானது என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் காப்புறையை மூடிவிடுங்கள்.