தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கார் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு: மாற்றாத கேனிஸ்டருக்கு பில்

செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0455 என்றோ பி0442 என்றோ பிழைக் கோடு (code) வந்து, யாராவது உங்களிடம் "கேனிஸ்டர் போயிடுச்சு" என்று சொல்லியிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் காரில் பி0455 வந்து ஒரு பட்டறையில் விட்டேன். அதன் பெயரை எழுதவில்லை, புகார் இன்னும் நடக்கிறது. சாட்ஸ்வொர்த்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. முதலாளி நம்ம ஆள், காவடித் திருவிழாவில் வருஷா வருஷம் பார்க்கிற முகம். "அண்ணே, நீங்க கவலையே படாதீங்க" என்று அவருக்குத் தெரிந்த நாலு வார்த்தைத் தமிழில் சொன்னார். அந்த நாலு வார்த்தைக்கே தனியாக பில் போட்டிருக்கலாம்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். டேங்கில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வெளிக்காற்றில் கலக்காமல், கரித்துண்டுகள் நிரப்பிய ஒரு பெட்டிக்குள் போய்த் தங்கும். அதுதான் கேனிஸ்டர். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடும். இன்னொரு பக்கம் வெளிக்காற்று வர வென்ட் வால்வு என்று ஒன்று உண்டு. காரின் கம்ப்யூட்டர் அவ்வப்போது இந்த வழிகளை அடைத்துவிட்டு உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும். நிற்கவில்லை என்றால் விளக்கு எரியும். பி0455 பெரிய கசிவு, பி0442 ஏறக்குறைய 1 மி.மீ. துளை அளவுக்கானது, பி0456 அரை மி.மீ. அளவு. எல்லாக் காரிலும் இந்தக் கசிவுச் சோதனை இருக்காது, என் காரில் இருக்கிறது.

இங்கேதான் ஏமாற்ற இடம். எங்கேயோ கசிகிறது என்று மட்டும்தான் கோடு சொல்லும், எங்கே என்று சொல்லாது. பெட்ரோல் டேங்க் மூடி, ரப்பர் குழாய், வால்வு, டேங்க் மேல் இருக்கும் சீல், எதுவாகவும் இருக்கலாம். வண்டியோ எந்த வித்தியாசமும் இல்லாமல் ஓடும். அதனால் சரி செய்தார்களா இல்லையா என்று ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

வாட்ஸ்ஆப்பில் எஸ்டிமேட் வந்தது: புது மூடி, புது பர்ஜ் வால்வு, புது கேனிஸ்டர், கூலி, அதற்கு மேல் 15 சதவீத வாட் வரி. கேனிஸ்டர் மட்டுமே ஆறாயிரம் ராண்டுக்கு மேல். ஸ்மோக் டெஸ்ட், அதாவது உள்ளே புகை விட்டுக் கசிவைத் தேடுவது, செய்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம், கோடே சொல்லுதே" என்றார். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது விளக்கு அணைந்திருந்தது. போகும் வழியில் டேங்கை ஃபுல் பண்ணிக்குங்க, சிஸ்டம் செட் ஆகும் என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த அக்கறைக்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. டேங்க் நிறைய இருந்தாலும் அடிமட்டத்தில் இருந்தாலும் கம்ப்யூட்டர் அந்தச் சோதனையை ஓட்டாது. பொதுவாக 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எஞ்சினும் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிழைக் கோடை (code) அழித்துவிட்டு டேங்கை நிரப்பச் சொன்னால் விளக்கு சில நாளைக்கு வாய் திறக்காது. பாதி டேங்க் ஆனதும், காலையில் வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும், மறுபடி எரிந்தது. அதே பி0455. பட்டறைக்கு போன் போட்டால், "இப்ப டேங்க் ப்ரஷர் சென்சார் போயிருக்கும்ணே" என்கிறார்.

போதும் என்று டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்து, "தம்பி, இங்க வந்து பாருங்க" என்றார். கேனிஸ்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துருவும் காய்ந்த சேறும் ஒரே படலமாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. ஸ்பானர் பட்டால் அந்தப் படலம் முதலில் உடைந்திருக்கும். பிராக்கெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது. புது கேனிஸ்டராம்! பர்ஜ் வால்வு மட்டும் உண்மையிலேயே புதிது.

அப்புறம் ஸ்மோக் டெஸ்ட். வென்ட் வால்வை ஸ்கேனரிலிருந்தே மூட வைத்தார். அதை மூடாவிட்டால் புகை அந்த வழியாகவே வெளியே போய் எல்லாம் கசிகிற மாதிரி தெரியுமாம். குழாய் வழியாகப் புகையை மிக மெதுவான அழுத்தத்தில் விட்டார், 1 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) கூட இல்லை. சில பட்டறைகளில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயையே இதில் செருகுவார்கள், அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். சீல் பிய்ந்துபோகும், பெட்ரோல் ஆவியோடு வெறும் காற்றைக் கலப்பதும் ஆபத்து. கொஞ்ச நேரத்தில் பின் சக்கரத்துக்கு உள்பக்கம், பிளாஸ்டிக் லைனருக்குப் பின்னாலிருந்து நூல் மாதிரி வெள்ளைப் புகை எழுந்தது. லைனரைக் கழற்றினால், பெட்ரோல் ஊற்றும் இரும்புக் கழுத்து துருப்பிடித்து ஓட்டை. கடல் காற்று அடிக்கிற ஊரில் இது சகஜம் என்றார். கழுத்தையும் ஒரு கிளாம்பையும் மாற்றினார். கேனிஸ்டர் விலையில் கால்வாசி கூட ஆகவில்லை. பாதி டேங்கோடு ஓட்டிவிட்டு வரச் சொல்லி, சோதனை முழுசாக முடிந்திருப்பதை ஸ்கேனரில் காட்டிய பிறகுதான் பணம் வாங்கினார்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி, கழற்றிய பழைய பாகங்களைத் தனியாக எடுத்து வைத்து, ஓரளவு சுத்தமான பெட்டியில் போட்டு, வேண்டாம் என்று நாம் சொல்லாதவரை நம்மிடமே தர வேண்டும். 15ஆம் பிரிவின்படி எஸ்டிமேட் கொடுத்து நாம் ஒப்புக்கொள்ளாமல் வேலைக்குப் பணம் கேட்க முடியாது. 57ஆம் பிரிவு, போட்ட புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. வண்டியை விடும்போதே "பழைய கேனிஸ்டர் எனக்கு வேண்டும்" என்று ஒரு மெசேஜ் போட்டு வையுங்கள். ஆளின் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று, இது பட்டறைக்காரர் சமாச்சாரம் இல்லை. இங்கே பங்கில் பெட்ரோல் போடுவது ஊழியர்கள்தான். பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி 'டக்' என்று நின்ற பிறகும் கணக்கை முழு ராண்டாக்க இன்னும் இரண்டு அழுத்து அழுத்துவார்கள். அந்தக் கூடுதல் பெட்ரோல் திரவமாகவே கேனிஸ்டருக்குள் போய்க் கரியைக் கெடுத்துவிடும். "நின்னதும் போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூடியை 'கிளிக்' சத்தம் வரும்வரை திருகினார்களா என்றும் பாருங்கள். கோடு வந்ததற்கு அது மட்டுமே காரணமாக இருந்தவர்களும் உண்டு.

போல்ட், குளவிக்கூடு படங்களோடும் வாட்ஸ்ஆப் எஸ்டிமேட்டோடும் பட்டறைக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். கேனிஸ்டர் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று பதில் வந்திருக்கிறது. தேவையில்லாமல் போட்ட பர்ஜ் வால்வைப் பற்றி மூச்சே இல்லை. அதற்கும் சேர்த்துப் பதில் வராவிட்டால் அடுத்து மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போகப் போகிறேன். காகிதங்கள் எல்லாம் தயார்.