மேடை நடுக்கம் உள்ளவர்களுக்கு ஒரு மாதாந்தரப் பயிற்சி மேடை

பல ஆண்டுகள் முறையாகக் கர்நாடகப் பாட்டுக் கற்றும், நாலு பேர் முன்னிலையில் பாட வேண்டும் என்றதும் நா வறண்டு போகிறவர்களுக்காக மயிலாப்பூரில் மாதந்தோறும் ஒரு பயிற்சிக் கச்சேரி நடைபெறுகிறது. நடத்துபவர்கள் விளம்பரத்தை விரும்பவில்லை என்பதால் அமைப்பின் பெயரை எழுதவில்லை. அந்த வட்டாரத்துப் பாட்டு ஆசிரியர்களிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

ஒருவருக்கு 15 நிமிடம். வயலினும் மிருதங்கமும் உண்டு. கட்டணம் 600 ரூபாய். இரண்டு பக்கவாத்தியக்காரர்களைத் தனியாக ஏற்பாடு செய்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. பாட்டு நோட்டும் கைப்பேசியும் மேடையில் கூடாது. சாகித்யம் (பாடலின் சொற்கள்) மறந்தாலும் நிறுத்தாமல் ராகத்தை இசைத்து அடுத்த அடிக்குப் போய்விட வேண்டும். சேருகிறவர் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து வர வேண்டும், முதல் மூன்று மாதமும் ஒரே உருப்படியைத்தான் (பாடலைத்தான்) பாட வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் இச்சேவையின் உயிர் என்பது என் கருத்து. அச்சம் வந்ததும் அட்ரினலின் சுரந்து, இதயம் விரைந்து, உமிழ்நீர் வற்றி, தசைகள் நடுங்கி, மூச்சு வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறிவிடுகிறது. பாடுகிறவருக்கு இவை ஒவ்வொன்றும் இசையிலேயே தெரியும்: கார்வை (நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம்) பாதியில் அறுகிறது, காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) ஓடுகிறது, மேல் ஷட்ஜம் (உச்ச ‘ஸ’) சுருதியில் நிற்பதில்லை. அன்றைக்கு ஏதோ காரணம் சொல்லி மேடையைத் தவிர்த்துவிட்டால் உடனே நிம்மதி கிடைக்கும். ஆனால் அந்த நிம்மதியே அடுத்த முறை அச்சத்தை இன்னும் பெரிதாக்குகிறது. நடுங்கினாலும் எழுந்து போகாமல் பாடி முடிப்பதும், அதைக் குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்வதும்தான் உடலுக்கு அந்தச் சூழலைப் பழக்கப்படுத்தும். ஆண்டுக்கு ஒரு முறை பள்ளி விழாவில் பாடுவதால் இது நடக்காது. உருப்படி மாறாமல் இருப்பதிலும் நன்மை உண்டு. சென்ற மாதத்தைவிட இம்மாதம் எது தேறியது என்பது பாடியவருக்கே ஐயமின்றித் தெரிகிறது.

பக்கவாத்தியக்காரர்களைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஓர் அம்மையார் மோகன ராகத்தில் அமைந்த வர்ணம் என்ற உருப்படியை முதல் காலத்தில் நன்றாகவே தொடங்கினார். இரட்டை வேகமான இரண்டாம் காலம் எடுத்ததும் தாளம் போட்ட கை தொடையின் மேல் வெளிப்படையாக நடுங்கியது; வேகம் ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்றுக்குச் சுற்று) கூடியது. மிருதங்க வித்வான் அந்த ஓட்டத்தின் பின்னால் ஓடவும் இல்லை, அதை எதிர்த்து முட்டவும் இல்லை. மிருதங்கச் சொற்களைக் குறைத்துக்கொண்டு, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் தெளிவாகக் கேட்கும்படி வெறும் சர்வலகுவாக (எளிய, சீரான நடையாக) வாசித்தார். வயலின் வித்வான் கமகங்களை (ஸ்வர அசைவுகளை) சுருக்கி ஸ்வரத்தின் இடத்தை மட்டும் காட்டினார். பாட்டு மெல்லத் தன் நடைக்குத் திரும்பியது. அடுத்த மாதமும் அதே வர்ணம். கை அப்போதும் நடுங்கியது, ஆனால் காலப்பிரமாணம் அசையவில்லை. நடுக்கம் அடியோடு ஒழிந்த பிறகே மேடை ஏறுவேன் என்று காத்திருப்பவர்கள் இதை நேரில் வந்து பார்க்க வேண்டும். செல்லோ மேதை பாப்லோ கசால்ஸுக்கே மேடை அச்சம் வாழ்நாள் முழுவதும் இருந்தது. அவர் வாசிப்பதை அது தடுக்கவில்லை.

சிலர் ப்ரோப்ரானோலால் மாத்திரை போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லக் கேட்டேன். அது படபடப்பையும் கை நடுக்கத்தையும் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. மருத்துவரைக் கேட்காமல் யாரும் தொடக் கூடாது.

குறைகளும் உண்டு. மேடையை விட்டு இறங்கிய உடனேயே எல்லோர் முன்னிலையிலும் மூத்த வித்வான் ஒருவர் திருத்தங்களைச் சொல்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, ஆனால் நெஞ்சுத் துடிப்பு அடங்காத நிலையில் இருப்பவருக்கு அது திருத்தமாகப் படாமல் தண்டனையாகவே படுகிறது. பாடல் பதிவை அனுப்பி, இரண்டு நாள் கழித்து எழுத்தில் தெரிவித்தால் பயன் பன்மடங்கு இருக்கும். மேடையில் மானிட்டர் ஒலிபெருக்கி இல்லாததால் தன் குரலும் தம்புராவும் காதில் சரியாக விழுவதில்லை. பயந்தவர் இன்னும் உரக்கப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறார். இதை உடனே சரிசெய்ய வேண்டும். அவையில் இருப்பவர்களும் பெரும்பாலும் தம் முறைக்காகக் காத்திருக்கும் சக பாடகர்களே. ஓரளவு தேறியவர்களுக்காவது, பாட்டுக் கேட்கவென்றே வரும் ரசிகர்கள் முன்னால் பாட வாய்ப்புத் தர வேண்டும்.

உருப்படி மனப்பாடமாகாதவர்கள் இதில் சேர்ந்து பயனில்லை. அவர்களுக்குத் தேவை சாதகம், அதாவது தொடர்ந்த பாட்டுப் பயிற்சி. பாடம் நன்றாக இருந்தும் மேடையில் மட்டும் தடுமாறுகிறவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். மாதத்தின் முதல் வாரத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்கள் சபாக் கச்சேரிகளுக்குப் போய்விடுவதால் மார்கழியில் மட்டும் நடைபெறுவதில்லை.