30-க்கு 40 மனையில் எந்தத் திசை ஆண்டெனா: ட்ராப் யாகியா, ஹெக்ஸ்பீமா?

டைபோல் என்னும் எளிய கம்பி ஆண்டெனாவில் பழகிய ஹாம் (உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி இயக்குநர்), ஒரே பக்கமாக அலையைக் குவிக்கும் சுழலும் திசை ஆண்டெனாவுக்கு மாறத் தீர்மானித்தவுடன் பெரும்பாலும் டெசிபெல் கணக்கை, அதாவது சிக்னல் எவ்வளவு வலுப்படும் என்பதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறார். பெங்களூருவில் வீட்டு மொட்டை மாடிதான் களம் என்றால், அதற்கு முன்பே மனையின் அகலத்தை அளந்துவிடுவது நல்லது. அல்சூரில் எங்கள் வீட்டுக்கு ஆண்டெனா தேர்ந்தபோது நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். முடிவில் ஹெக்ஸ்பீமை ஏற்றினேன். எனவே இந்த அலசல் அதன் பக்கமே சாயும்.

திசை ஆண்டெனா வகைகளில் பல எலிமென்ட் (குறுக்குக் குழாய்) கொண்ட லாக் பீரியாடிக் ஆண்டெனாவின் எடைக்கு மொட்டை மாடிக் கம்பம் போதாது, தனிக் கோபுரம் வேண்டும். மோட்டாரால் தன் நீளத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் வகையை நான் இயக்கிப் பார்த்ததில்லை. விலையும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. எஞ்சியவை இரண்டு: 20, 15, 10 மீட்டர் பேண்டுகளுக்கான (அலைநீளத்தால் பெயரிட்ட அலைவரிசைப் பகுதிகள்) மூன்று எலிமென்ட் ட்ராப் யாகி (ஒரே குழாயைப் பல பேண்டுகளில் இயங்கவைக்கும் ட்ராப்கள் பொருத்தியது), 20 முதல் 10 மீட்டர் வரை ஐந்து பேண்டுகளிலும் இயங்கும் ஹெக்ஸ்பீம்.

திறனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 10 மீட்டரில் மூன்று எலிமென்ட் யாகி ஒன்றிரண்டு டெசிபெல் முன்னே நிற்கும். 20 மீட்டரில் அதன் பூம் (எலிமென்ட்களைத் தாங்கும் நடுக்குழாய்) அலைநீளத்தோடு ஒப்பிடக் குட்டையாகிவிடுவதாலும், ட்ராப்கள் சிறிது ஆற்றலைத் தின்பதாலும், அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிடுகிறது. சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரின் ஒரு படியே 6 டெசிபெல் என்னும்போது, இந்த வேறுபாட்டைக் காதால் உணர்வது அரிது. அடுத்த வீட்டு எல்.இ.டி. விளக்கும் சோலார் இன்வெர்ட்டரும் எழுப்பும் இரைச்சலைப் பின்னால் தள்ளிவிட்டு ஐரோப்பாவுக்காக வடமேற்கே திருப்புவதில் இரண்டுமே உதவுகின்றன. மூன்று தள வீட்டின் மேல் 6 மீட்டர் கம்பம் நட்டாலே 20 மீட்டர் பேண்டின் அரை அலைநீளமான 10 மீட்டரைத் தாண்டிய உயரம் கிடைத்துவிடும். அந்த உயரம் தரும் பலன் மேற்சொன்ன வேறுபாட்டைவிடப் பெரியது.

பேண்டுகளின் கணக்கு வேறு. 1979 உலக வானொலி நிர்வாக மாநாட்டில் ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட 17, 12 மீட்டர் பேண்டுகள் சாதாரண ட்ராப் யாகியில் இல்லை. சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் 25-ஆவது சூரியச் சுழற்சி 2024-இல் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியிருப்பதால், 10 மீட்டர் அடைபடும் நாட்கள் இனிக் கூடும். அப்போது 20-உம் 17-உம்தான் கைகொடுக்கும். போட்டிகளுக்காக மட்டுமே இயக்குபவருக்கு இது பொருட்டல்ல, ஏனெனில் 17, 12 மீட்டர்களில் போட்டிகள் நடப்பதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இன்னும் குறிப்பாகச் சொன்னால், ஆண்டெனாவைக் கீழே இறக்குவது. ட்ராப் என்பது அலுமினியக் குழாய்க்குள் அடைபட்ட சுருளும் மின்தேக்கியும்தான். நீர் வடிவதற்காகக் கீழ்நோக்கி விடப்பட்ட துளையைக் குளவி மண் வைத்து அடைத்துவிட்டால், ஏப்ரல், மே மாதக் கோடை மழையின் நீர் உள்ளே தேங்கி, ஏதாவது ஒரு பேண்டில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்பும் ஆற்றலைக் காட்டும் அளவு) எகிறும். சரிசெய்வதற்கு முழு ஆண்டெனாவையும் இறக்க வேண்டும். நீள எலிமென்ட் எட்டு மீட்டரைத் தாண்டுகிறது, சுழற்சி ஆரம் ஏறத்தாழ 4.7 மீட்டர். 30 அடி அகல மனை என்பது 9.1 மீட்டர்தான், கம்பம் நட்டநடுவில் நின்றாலும் எலிமென்டின் முனை பக்கத்து வீட்டுக்காரரின் வானத்தில்தான் சுற்றும், இறக்கும்போது அவருடைய தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தொங்கும். பழுதான ட்ராப்புக்கு மாற்றாக ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்துகொள்ளும்.

ஹெக்ஸ்பீமின் ஆரம் சுமார் 3.3 மீட்டர். மேல்நோக்கி வளைந்த ஆறு ஃபைபர்கிளாஸ் கம்புகளில், காற்றில் மடங்கிய குடையைப் போல, ஒவ்வொரு பேண்டுக்கும் இரண்டு கம்பிகள் கட்டப்பட்டிருக்கும். இயக்கு கம்பி 'எம்' வடிவில் செல்லும்; பிரதிபலிப்புக் கம்பியை விளிம்போடு ஓடவிட்டு அலைவரிசை அகலத்தைக் கூட்டியவர் பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டீவ் ஹன்ட். ட்ராப் எதுவும் இல்லை. எடை குறைவாதலால் சிறிய ரோட்டேட்டர் (ஆண்டெனாவைத் திருப்பும் மோட்டார்) போதும். கீல் வைத்த கம்பத்தைச் சாய்த்து இரண்டு பேர் நம் மாடிக்குள்ளேயே இறக்கிவிடலாம். கம்பி அறுந்தால் பெங்களூருவின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் செம்புக் கம்பி வாங்கி, அட்டவணைப்படி அளந்து வெட்டி அன்றே கட்டிவிடலாம். உறை போட்ட கம்பிக்கும் வெற்றுக் கம்பிக்கும் நீளம் வேறுபடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இதற்கும் நோய் உண்டு. வெயிலில் ஃபைபர்கிளாஸின் மேற்பூச்சு உதிர்ந்து நார் வெளியே வரும். ஏற்றுவதற்கு முன்பே பெயின்ட் அடித்துவிட வேண்டும். நைலான் கயிறு நனைந்தால் தொய்யும் என்பதால் பாலியெஸ்டர் கயிறே உகந்தது. ஆடிக் காற்றில் பட்டம் விடும் பருவத்தில் மாஞ்சா நூல் கம்பிகளில் சிக்கிக்கொள்ளும். பருந்து வந்து அமர்ந்தால் வெளிக்கம்பி தொய்கிறது. அலுமினியக் குழாய் இவ்விரண்டையும் பொருட்படுத்தாது. மறுவிற்பனையிலும் பெயர்பெற்ற நிறுவனத்தின் யாகிக்கு மதிப்பு நிற்கும் என்றே நினைக்கிறேன். கையால் கட்டிய ஹெக்ஸ்பீமை விற்க முயன்ற அனுபவம் எனக்கில்லை.

ஓசூர் சாலைப் பக்கம் அகலமான மனையும் ஏறி வேலை செய்யக்கூடிய கோபுரமும் வைத்திருந்து, போட்டிகளே குறிக்கோளாக இருப்பவருக்கு ட்ராப் யாகியைத்தான் சொல்வேன். பழையதாக வாங்கினால், பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு ட்ராப்பையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கட்டும்.